முன்னால் போகும் சத்தம்

ரொட்டி வெந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ரொட்டிக்காரருக்குக் கண் தேவைப்படவில்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டுவார். காலி டப்பாவைப் போல ஒலித்தால் வெந்துவிட்டது. மொத்தென்று கேட்டால் இன்னும் கொஞ்ச நேரம். முன்பெல்லாம் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நிறம் கைவிட்டபோது சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். பேக்கரியில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. வேலை ஒழுங்காக நடக்கிறவரை வேலை செய்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அதில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது.

அவர் பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்திருந்தது. ஈர விரலால் கண்ணாடியைத் தேய்த்துவிட்டது போன்ற சாம்பல் கறை. சுவரின் விளிம்பு, கதவின் நிலை, சாலையின் இரண்டு பக்கக் கரைகள், இப்படி ஓரத்தில் உள்ளதெல்லாம் தெரிந்தது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே போகிறது, போனது திரும்பாது என்று கண் மருத்துவர் சொன்னார். பிறகு, எல்லாரிடமும் கேட்கிற தொனியில் கேட்டார்.

"வண்டி ஏதாவது ஓட்டுறீங்களா?"

"சைக்கிள்தான் டாக்டர். ஞாயித்துக்கிழமை மட்டும்."

"அதையும் விட்டுடுங்க."

"சரிங்க டாக்டர்."

விடவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடிவாதத்துக்கும் துணிச்சலுக்கும் உள்ள தூரத்தை அவரவர் வசதிக்கு ஏற்பத்தான் அளக்கிறோம். ஒருமுறை தனியாகப் போனபோது, கால்வாய்க் கரையில் வாளியோடு குறுக்கே வந்த ஒரு பெண்மணியை இடிக்காமல் மயிரிழையில் தப்பினார். அவள் திட்டிய திட்டு மூன்று தலைமுறையையும் தொட்டது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றாள் கடைசியாக. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவர் ஓரமாகச் சாத்திவிட்டு வெகுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே நாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரம் முழுக்க விடியும் முன்பே எழுந்து மாவு, அடுப்பு, தட்டு. மாலையில் ஓர் அறை, ஒரு ரேடியோ. நண்பர் என்று சொல்ல இருந்தது தங்கையின் கணவர் ஒருவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில், ஆஸ்பத்திரியில், பெரிய கடைகளில் லிஃப்ட் நின்றுவிட்டால் ஓடுகிறவர். ரொட்டிக்காரரைவிட வயதில் இளையவர், இடுப்பளவில் மூத்தவர். இருவரும் பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைத் தாண்டிக் கால்வாய் ஓரமாக நீர்த்தேக்கம் வரை மிதித்துப் போய்த் திரும்புவார்கள். அந்தச் சாலையில் அந்த நேரத்துக்கு ஆள் நடமாட்டம் அபூர்வம்.

கறை விழுவதற்கு முன்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போவார்கள். விழுந்த பிறகு ரொட்டிக்காரர் பின்னால் போக ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கு அதில் ஒரே கொண்டாட்டம்.

"என்ன மச்சான், காலைக் கழட்டி வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?"

"நீதான் காத்தை மறைக்கிறியே மாப்ளே. அவ்வளவு பெரிய செவுரு முன்னாடி போகும்போது நான் எதுக்கு ஒதுங்கணும்?"

உண்மையில் அவர் காற்றுக்காகப் பின்னால் போகவில்லை, சத்தத்துக்காகப் போனார். சைக்கிளின் பின்சக்கரத்து நடுவில் ஹப் என்று ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் சின்னச் சின்னப் பற்கள். மிதிக்கும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்போது சத்தம் வராது. மிதிப்பதை நிறுத்தினால் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிக் கிரிக், கிரிக் என்று ஒலிக்கும். முன்னால் போகிறவன் எப்போது மிதிப்பதை நிறுத்துவான்? பள்ளம் வந்தால், வளைவு வந்தால், இறக்கம் வந்தால், குறுக்கே யாராவது வந்தால். சத்தம் வந்தால் எச்சரிக்கை, சத்தம் இல்லையென்றால் நேர்ச்சாலை. மாப்பிள்ளையின் சக்கரம் தனக்கே தெரியாமல் ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குச் சாலையை வாசித்துக் காட்டியது. கரைகளைக் கண்ணின் ஓரத்தால் பிடித்துக்கொண்டு, நடுவைக் காதால் நிரப்பிக்கொண்டு அவர் போய்க்கொண்டிருந்தார்.

இதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளையின் பின்சக்கரம் வெடித்தது. வெடிப்பு ரிம்மில் கம்பி நுழையும் துளையிலிருந்து மயிர்போல ஆரம்பித்து ஓடியிருந்தது. சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரிம்மையே அழுத்திப் பிடிக்கிற பழைய பிரேக் உள்ள வண்டிக்கு இப்போது யாரும் நல்ல சக்கரம் வைப்பதில்லை, புது வண்டி வாங்குங்கள் என்றார். பெயர் பெற்ற கம்பெனியின் கார்பன் சக்கரத்தை ஆசைக்குக் காட்டி விலையையும் சொன்னார். மாப்பிள்ளை அதைத் தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் கைபேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. சீனாவில் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் கார்பன் சக்கரம் செய்து, நடுவில் கடையோ ஏஜென்டோ இல்லாமல் வாங்குகிறவன் வீட்டுக்கே அனுப்புகின்றன என்று கண்டுபிடித்தார். கடை விலையில் பாதிக்கும் கீழே. பழைய பிரேக்குக்கு ஏற்ற சக்கரமும் அவர்களிடம் இருந்தது. நல்லது எது, மோசமானது எது என்றுதான் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவன் இரண்டு வருடம் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருப்பான். அதற்குக் கீழேயே இன்னொருவன் இறக்கத்தில் பிரேக் பிடித்த சூட்டில் ரிம் உப்பிவிட்டது என்று படம் போட்டிருப்பான். மாப்பிள்ளை இரண்டையும் படித்துவிட்டு மூன்றாவது ஆளைத் தேடுவார்.

ஞாயிறு சவாரி இல்லாததால் ரொட்டிக்காரர் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். தங்கை பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். விடுமுறை நாளில் துணி மடித்துக்கொண்டே இருவரையும் கவனிப்பாள்.

"ரிம்மோட ஆழம் பாருங்க மச்சான். முப்பத்தஞ்சு மில்லிமீட்டரா, அம்பதா? அம்பதுன்னா வேகம். ஆனா பக்கக் காத்து அடிச்சா தூக்கி எறிஞ்சுரும்ங்கிறான்."

"உன்னைத் தூக்கணும்னா புயல்தான் வரணும்."

"என்னைக் கட்டிக்கறப்போ இதுல கால்வாசிகூட விசாரிக்கல அண்ணே," என்றாள் தங்கை. "ஒரு தடவை வந்தாரு, காப்பி குடிச்சாரு, சரின்னுட்டாரு."

"அப்போ யாரும் ரிவ்யூ எழுதி வைக்கலையே," என்றார் மாப்பிள்ளை.

மடித்த துண்டு ஒன்று பறந்து வந்து அவர் தலையில் விழுந்தது.

மாப்பிள்ளை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கைபேசியை நீட்டினார். "இந்தப் படத்தைப் பாருங்க. இது எப்படி?"

ரொட்டிக்காரர் கைபேசியை வாங்கினார். ஒளிர்கிற ஒரு செவ்வகத்தின் நடுவில் சாம்பல் கறை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கண்ணின் ஓரத்தால் தடவிப் பார்த்தார்.

"கருப்பு நல்லாத்தான் இருக்கு."

கார்பன் சக்கரம் எல்லாமே கருப்புத்தான். பார்வை போகிறவனுக்கு இதைவிடத் தோதான சாமானை உலகத்தில் யாரும் செய்யவில்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும் அவர் பதில் சரியாகவே இருந்தது.

கடைசியில் இரண்டு சக்கரங்களில் வந்து நின்றது. இரண்டும் ஒரே தொழிற்சாலை, ஒரே ரிம், நடுத்தரமான ஆழம். வித்தியாசம் ஹப்பில்தான். அந்தத் தொழிற்சாலையில் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற பெண்ணுக்கு மாப்பிள்ளை சீனத் தங்கச்சி என்று பெயர் வைத்திருந்தார். எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் அனுப்புவாள். ஓட்டுகிறவர் எடை என்ன, அதற்குத் தகுந்தபடி கம்பி கூட்ட வேண்டும் என்று அவள் கேட்டபோது மாப்பிள்ளை ஐந்து கிலோ குறைத்துச் சொல்லப் பார்த்தார். தங்கை பின்னாலிருந்து எட்டிப் பார்த்து உண்மையான எடையை உரக்கச் சொன்னாள். இப்போது சீனத் தங்கச்சி இரண்டு ஹப்பையும் கையால் சுழற்றி வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள்.

முதல் வீடியோவை மாப்பிள்ளை ஓடவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடுதா?" என்றார் ரொட்டிக்காரர்.

"ஓடுது மச்சான். சுத்திக்கிட்டே இருக்கு. எப்படி? வெண்ணெய் மாதிரி!"

இரண்டாவது வீடியோ. வண்டுக்கூட்டம் ஒன்றைத் தகர டப்பாவில் அடைத்துக் குலுக்கியது போல அறை முழுக்கக் கிர்ர்ர் என்று நிறைந்தது. ரொட்டிக்காரரின் உடம்பில் ஏதோ ஒன்று இளகியது. பழைய சக்கரத்தைவிட மூன்று மடங்கு சத்தம். இதைப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போகலாம்.

"இதை எடு மாப்ளே."

"இதையா? என்ன மச்சான், தகரக் கொட்டகையில கல்லு விழுந்த மாதிரி இருக்கு!"

"அதான் நல்லது. மணி அடிக்க வேணாம். ஆளுங்க தானா ஒதுங்குவாங்க."

"அங்க ஆளுங்களே கிடையாதே."

"நாய் இருக்கு."

"நாய்க்குச் சத்தம் கேட்டாத்தான் துரத்தத் தோணும்."

ரொட்டிக்காரர் அடுத்த காரணத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. இரண்டு பேரும் சத்தத்தை வைத்துத்தான் பிழைத்தார்கள். ஆனால் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து. ரொட்டி ஒலித்தால் வேலை முடிந்தது. லிஃப்ட் ஒலித்தால் வேலை ஆரம்பம். மாப்பிள்ளை ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் பேசமாட்டார், கேட்பார். எங்கேயாவது கிறீச்சென்று ஒலித்தால் அங்கே ஏதோ தேய்கிறது, ஏதோ காய்கிறது. சத்தமே இல்லாமல் ஏறி இறங்குவதுதான் அவருக்கு ஆரோக்கியம். அப்படிப்பட்டவரிடம் சத்தத்துக்காகச் சிபாரிசு செய்வது மருத்துவரிடம் காய்ச்சலைப் புகழ்வது மாதிரி.

"ஏண்ணே, உனக்கு எதுக்கு அதுல இவ்வளவு அக்கறை?" என்றாள் தங்கை. அவள் துணி மடிப்பதை நிறுத்தியிருந்தது அவருக்குக் கேட்டது.

"அக்கறை ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மேசையைச் சுற்றி இருந்த இரண்டு பேரும் அவரை நேசித்தவர்கள். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தங்கை அழுவாள். சைக்கிளை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டுவாள். சாவியை அன்போடு ஒளித்துவைப்பாள். அன்பால் பூட்டிய கதவை உடைப்பது கடினம். அவர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நல்ல காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"அந்தச் சத்தமில்லாததைத் திறந்து பாக்க முடியுமா?"

மாப்பிள்ளை கைபேசியைத் தடவினார். "இல்ல, சீல் பண்ணினது. கெட்டா கம்பெனிக்குத்தான் அனுப்பணும்."

"இன்னொண்ணு?"

"அது கையாலயே கழட்டலாம். ஒரு ஸ்பானர்கூட வேணாம்."

"திறக்க முடியாத சாமானை நீ வாங்கப் போறியா? நீயா?"

மாப்பிள்ளை கைபேசியைக் கீழே வைத்தார். அடி சரியான இடத்தில் விழுந்திருந்தது. வீட்டில் ரேடியோவிலிருந்து தங்கையின் கைக்கடிகாரம் வரை அவர் திறந்து பார்க்காதது எதுவும் இல்லை. திறந்ததெல்லாம் மறுபடி மூடியதா என்பது வேறு கதை.

"சீல் பண்ணினதை வாங்கிட்டு மூவாயிரம் மைல் அனுப்பிச் சரி பண்ணுவியா? நீ மெக்கானிக்கா, தபால்காரனா?"

சத்தமுள்ள சக்கரம் வாங்கப்பட்டது.

ரொட்டிக்காரர் அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, தனியாக, சத்தமாகச் சிரித்துவிட்டார். எதிரே வந்த யாரோ ஒதுங்கிப் போனார்கள். தன் வாழ்நாளில் ஒரு வாதத்தில் ஜெயித்தது அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

சக்கரம் வருவதற்குள் கறை இன்னும் கொஞ்சம் அகன்றது. ஒருநாள் அடுப்புத் தட்டை எடுக்கும்போது மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டார். பேக்கரியில் யாரோ மருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் என்று முகம் தெரியவில்லை, குரலை வைத்து நன்றி சொன்னார்.

பெட்டி வந்த அன்று மாப்பிள்ளை சக்கரத்தை அவர் கையில் கொடுத்தார். ரொட்டிக்காரர் அதை எடை பார்த்தார். இவ்வளவு பெரிய பொருள் இவ்வளவு கனமில்லாமல் இருப்பது நம்ப முடியாததாக இருந்தது. ரிம்மின் வளைவில் விரலை ஓட்டினார். மாவுக்குப் பழகிய விரல். ஓரிடத்தில் மட்டும் மணல் அளவு ஒரு மேடு தட்டுப்பட்டது. குறை என்று சொல்ல முடியாது. சொன்னால் மாப்பிள்ளை மறுபடி மூன்று வாரம் படிக்க ஆரம்பித்துவிடுவார். சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் எதிர்பார்த்தது போலவே இருந்தது. எதிர்பார்த்தபடி நடக்கிற நாள் வாழ்க்கையில் அதிகம் கிடையாது என்பதால் அதைப் பற்றி ஒன்றிரண்டு வாக்கியம் சொல்லலாம். மாப்பிள்ளை மிதிப்பதை நிறுத்தும்போதெல்லாம் அந்த வண்டுக்கூட்டம் கிளம்பியது. மதகுக்குப் பக்கத்து வளைவு எவ்வளவு நீளம் என்பதை அந்தச் சத்தத்தின் நீளம் சொன்னது. இறக்கத்தில் அது உச்சஸ்தாயிக்கு ஏறியபோது வேகம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து முதல்முறையாக இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இறங்கினார். முகத்தில் காற்று அடித்தது. கறை அங்கேயேதான் இருந்தது. அதை அவர் கொஞ்ச நேரம் மறந்திருந்தார்.

நீர்த்தேக்கத்தின் கரையில் உட்கார்ந்து மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சக்கரம் பிரமாதம் மச்சான். சத்தம்தான் உயிரை வாங்குது. மண்டைக்குள்ளயே ஓடுது."

"பழகிடும்."

"எனக்குச் சத்தம் பழகினா சோறு கிடைக்காது."

ரொட்டிக்காரர் சிரித்தார். சிரித்திருக்க வேண்டியதில்லை.

அந்த வாரம் மாப்பிள்ளை ஓர் ஆஸ்பத்திரியின் பழைய லிஃப்டோடு மல்லாடிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து டப்பாவின் அடியில் கொஞ்சம் கெட்டி கிரீஸ் மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஒரு லிஃப்ட் மெக்கானிக் வேறு என்ன செய்வார்? கையாலேயே கழற்றக்கூடிய ஹப் வீட்டில் இருக்கிறது. கழற்றினார். பற்களின் இடுக்கெல்லாம் கிரீஸை அப்பினார். மூடினார். சுழற்றிவிட்டுக் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

ரொட்டிக்காரருக்கு இது ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரு முனையில் வைத்துத்தான் தெரிந்தது.

"கேக்குதா மச்சான்?"

"என்னது?"

"அதான்! ஒண்ணும் கேக்கலை இல்ல? அடைச்சுட்டேன். நீங்க சொன்னது சரிதான், திறந்து பாக்கற மாதிரி வாங்கினது எவ்வளவு வசதி!"

ரொட்டிக்காரர் கைப்பிடியில் கையை வைத்தபடி நின்றார். வயிறு வலிக்கிறது என்று சொல்லித் திரும்பியிருக்கலாம். சொல்லிவிட்டால் அடுத்த வாரம் என்ன சொல்வது? அதற்கடுத்த வாரம்?

"போலாம்," என்றார்.

நேர்ச்சாலையில் சமாளித்தார். முன்னால் போகும் டயரின் முனகல், சங்கிலியின் மெல்லிய அரைப்பு, இவற்றை வைத்து ஒருவாறு பின்தொடர்ந்தார். காற்று எதிராக அடித்தபோது அதுவும் தேய்ந்தது. தான் எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறோம் என்று தெரியவில்லை. வளைவு வரும் என்று காத்திருந்தார். சத்தம் வந்தால் வளைவு. சத்தம் வரவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று கீழே தார் இல்லை, சரளை. முன்சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது. புதர் ஒன்று தோளில் அறைந்தது. காலை ஊன்றினார். கால் சறுக்கி, பிடித்து, நின்றது. பக்கத்தில், மிகப் பக்கத்தில், கால்வாயின் தண்ணீர் ஓடும் சத்தம்.

விழவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னோக்கி நடந்து தாரின் மேல் வந்து நின்றார். 

"மாப்ளே!"

 சாலை போகிற திசை என்று அவர் நினைத்த திசையைப் பார்த்து மறுபடி கூப்பிட்டார்.

"மாப்ளே! எங்க இருக்க?"

அப்போது இரண்டு கை தூரத்தில் டக் என்று ஓர் ஒலி. மாப்பிள்ளை போடும் ஷூவின் அடியில் பெடலில் மாட்டிக்கொள்ள ஓர் இரும்புக் கட்டை இருக்கும். தாரில் பட்டால் ஒலிக்கும். பிறகு மூச்சு. கனத்த உடம்பின், வேகமாக ஓட்டிவந்து நின்ற, அடக்கப் பார்க்கிற மூச்சு. ரொட்டிக்காரர் அந்தத் திசையில் நேராகப் பார்த்தார். நேராகப் பார்த்ததால் அங்கே ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்திருக்கிறார். சத்தமில்லாத சக்கரத்தில் வந்து, எதிரிலேயே நின்று, தன்னைத் தேடிக் கூப்பிடுகிற மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

ரொட்டிக்காரர் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். 

பிறகு அந்த டக், டக் மெதுவாக விலகிப் போனது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தூங்குகிற நோயாளியை எழுப்பாமல் போகிறவன் மாதிரி, அவ்வளவு பெரிய உடம்பு நுனிக்காலில் நடந்து போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது. ஒரு செருமல். அதற்கப்புறம், தொலைவிலிருந்து வருவது போல, மாப்பிள்ளையின் குரல்.

"மச்சான்! எங்க போயிட்டீங்க? திரும்பிப் பாத்தா ஆளையே காணோம்!"

குரல் உடைந்திருந்தது. நடிப்பு அவருக்கு என்றுமே வராது.

"டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி இருந்துச்சு," என்றார் ரொட்டிக்காரர். "அதான் நின்னேன்."

"சரி, சரி. எனக்கும் இன்னைக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. நடந்தே போயிடலாமா?"

வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ரொட்டிக்காரரின் பழைய சக்கரம் மட்டும் கிரிக், கிரிக் என்றது. பக்கத்தில் போன புதுச் சக்கரம் எதுவும் பேசவில்லை. வழக்கமாக மாப்பிள்ளைக்கு வாய் மூடாது. அன்று அவர் வழி முழுக்கப் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"இங்க ஒரு பள்ளம் இருக்கு மச்சான்."

இத்தனை வருடத்தில் அவர் பள்ளத்தைச் சொன்னதே கிடையாது. பள்ளத்தில் விழுந்தால் சிரிப்பார், அவ்வளவுதான். ரொட்டிக்காரர் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். ஏதோ ஒன்று அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பவில்லை. உடை மாற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். தெருவின் அந்தக் கோடியில் வண்டுக்கூட்டம் கிளம்பியது. அது நெருங்கி, வேகம் குறைந்து, ஒன்று ஒன்றாக எண்ணக்கூடிய கிரிக் ஆகி, அவர் முன்னால் வந்து நின்றது.

"கிரீஸ் என்ன ஆச்சு?"

"கழுவிட்டேன். மண்ணெண்ணெயில ஊற வச்சு, பிரஷ் போட்டு..." மாப்பிள்ளை படியில் பக்கத்தில் உட்கார்ந்தார். படி முனகியது. "அது சத்தத்தோடயே இருக்கட்டும் மச்சான்."

"உனக்குத்தான் ஆகாதே."

"பழகிடும்."

மாப்பிள்ளை ஷூவின் கட்டையைப் படியில் தேய்த்தார்.

"எப்போலேருந்து மச்சான்?"

"கொஞ்ச காலமா."

"சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை..."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"பாத்துப் போயிருப்பேன்."

"அதான் சொல்லலை."

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. ரொட்டிக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டார். நினைப்பதைச் சொல்லாக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"நீ பாட்டுக்குப் போன. நான் பாட்டுக்குப் பின்னாடி வந்தேன். நீ என்னை இழுத்துட்டுப் போறேன்னு உனக்கே தெரியாது. அதனால எனக்கும் கூச்சம் கிடையாது. இப்போ உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே ஒவ்வொரு கல்லுக்கும் நீ என்னை நினைப்ப. வாரம் பூரா ஆளுங்களை ஏத்தி இறக்குறது பத்தாதா? ஞாயித்துக்கிழமை என்னையும் ஏத்தி இறக்கணுமா?"

"எனக்கு அது பாரமே இல்ல மச்சான்."

"தெரியும். உனக்குப் பாரமில்ல. எனக்குப் பாரம்."

மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார். பிறகு கோபமாக, "அந்தக் கிரீஸை மட்டும் நான் போடாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"போடாம இருந்திருந்தா இன்னொரு மாசம். அப்புறம் கால்வாய்க்குள்ள. போ, எழுந்திரு. வெயில் ஏறிடும்."

"நீங்க?"

"நான் வரல."

"அடுத்த வாரம்?"

ரொட்டிக்காரர் கையை நீட்டி இருட்டில் தேடுவது போலத் தேடி, மாப்பிள்ளையின் முழங்காலைக் கண்டுபிடித்து, ரொட்டியைத் தட்டுவது போல விரல் முட்டியால் தட்டினார்.

"வெந்துருச்சு மாப்ளே. எடுத்துட வேண்டியதுதான். இன்னைக்கு மத்தியானம் தங்கச்சிகிட்ட நானே சொல்றேன். நீ உளறாதே."

மாப்பிள்ளை எழுந்தார். டக், டக் என்று சைக்கிளிடம் நடந்தார். ஷூ பெடலில் மாட்டிய சத்தம் கேட்டது. சங்கிலி இறுகியது.

அந்த வாசலிலிருந்து தெரு மேடாகத்தான் போகும். மேட்டில் யாரும் மிதிப்பதை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். ஆகவே இனி சத்தம் ஒன்றும் கேட்காது என்று ரொட்டிக்காரர் எழப் போனார்.

கிர்ர்ர் என்றது. பாதி மேட்டில். அது தளர்ந்து, வண்டி நிற்கப் போகிற நேரத்தில் நின்றது. இரண்டு மிதி. மறுபடி கிர்ர்ர். மறுபடி இரண்டு மிதி. அந்தக் கனத்த மனிதர் மேட்டில் மிதிப்பதும் நிறுத்துவதுமாக, மூச்சு வாங்க, தெருவின் கோடி வரைக்கும் அப்படியே ஏறிப் போனார்.

ரொட்டிக்காரர் மறுபடி படியில் உட்கார்ந்தார். அந்தச் சத்தம் எந்தத் திருப்பத்தில் திரும்பியது, எந்தச் சுவருக்குப் பின்னால் போய் மங்கியது என்பது வரை கேட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.